ஜாக்சனின் கையெழுத்து

(தொடர் – 17)

போன வாரம் ஐநா படைத் தளபதியான பிரிட்டிஷ் ஜெனரல் ரூபர்ட் ஸ்மித்தை போஸ்னியாவில், 1995ஆம் ஆண்டின் கடைசியில் விட்டுவிட்டு வந்தோம். போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கை கையெழுத்தானது, ஐநாவின் நீலத் தொப்பிகள் ஊருக்குக் கிளம்பின, நேட்டோ படை உள்ளே வந்தது. அந்தப் படையின் தென்மேற்குப் பிரிவுக்குத் தலைமை தாங்கி வந்தவர்தான் இந்த வாரக் கதாநாயகன் மைக் ஜாக்சன். கதாநாயகன் என்ற சொல்லை வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏன் என்பதற்கு நாம் போஸ்னியாவிலிருந்து கால் நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1944 மார்ச் 21 அன்று பிறந்தவர் ஜாக்சன். குடும்பம் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டைச் சேர்ந்தது. அப்பா ராணுவத்தில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, நாற்பது வருடம் உழைத்து மேஜராக ஓய்வு பெற்றவர். அம்மா அருங்காட்சியக அதிகாரி. ஸ்டாம்ஃபோர்டில் பள்ளிப் படிப்பு, பிறகு சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி. 1963 டிசம்பரில் உளவுப் பிரிவில் அதிகாரியானார். ராணுவமே அவரை பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ரஷ்யப் பாடம் படிக்க வைத்தது. பனிப்போர்க் காலம், ரஷ்ய மொழி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் மேசையில் உட்கார்ந்து ரஷ்யக் காகிதங்களைப் புரட்டுவது அவருக்கு ஒத்துவரவில்லை. 1970இல் விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் ரெஜிமென்ட்டுக்கு மாறிக்கொண்டார். பிரிட்டிஷ் காலாட்படையில் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனவர்கள் அவர்கள்.

அடுத்த ஆண்டே பெல்ஃபாஸ்ட்.

1971 ஆகஸ்ட் 9 அன்று, விசாரணை இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைக்கும் திட்டத்தை வட அயர்லாந்து அரசு தொடங்கியது. விடிகாலையில் வீடு வீடாகப் புகுந்து 340க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கினார்கள். கத்தோலிக்கப் பகுதிகள் கொதித்தன. மேற்கு பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபியில் மூன்று நாளில் பத்துப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர், அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவப் போன பாதிரியார். இன்னொருவர் எட்டுப் பிள்ளைகளின் தாய். கேப்டன் ஜாக்சன் அப்போது பாராசூட் படையினரின் சார்பில் பத்திரிகைக்காரர்களுக்குத் தகவல் தருகிற இடத்தில் இருந்தார். செத்தவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் என்பதுதான் ராணுவம் வெளியே சொன்ன கதை.

ஐந்து மாதம் கழித்து, 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையற்ற சிறைவைப்பை எதிர்த்து டெர்ரியில் குடிமை உரிமை இயக்கம் பேரணி நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பேரணி என்றால் ஓரத்தில் இளைஞர்கள் கல்லெறிவது அந்த ஊரில் வாடிக்கை. எறிகிறவர்களைப் பிடிப்பதற்கென்று பெல்ஃபாஸ்டிலிருந்து முதலாம் பாராசூட் பட்டாலியனை வரவழைத்திருந்தார்கள். பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் டெரெக் வில்ஃபோர்ட். அவருடைய அட்ஜுடன்ட், 27 வயது ஜாக்சன். அட்ஜுடன்ட் என்றால் பட்டாலியன் தலைவரின் வலது கை. உத்தரவுகளை எழுதுவது, அனுப்புவது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

பிரிகேடியர் மெக்லெல்லன் கொடுத்த உத்தரவு தெளிவானது. ஒரே ஒரு கம்பெனி மட்டும் போகலாம், ரோஸ்வில் தெருவில் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. கலகக்காரர்களையும் அமைதியாகப் பேரணி வந்தவர்களையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும் என்பதுதான் காரணம். வில்ஃபோர்ட் அந்த உத்தரவை மீறினார். இன்னொரு தடுப்பு வழியாகக் கவச வண்டிகளில் சப்போர்ட் கம்பெனியை பாக்சைடு குடியிருப்புக்குள் அனுப்பினார். அடுத்த பத்து நிமிடத்தில் நூறுக்கும் மேற்பட்ட ரவைகள் சுடப்பட்டன. பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்டதில் ஒருவர் சில மாதம் கழித்து இறந்தார். இறந்தவர்களில் பாதிப் பேர் பதின்வயதுப் பையன்கள். சுடப்பட்ட பையன் ஒருவனைச் சிலர் தூக்கிவர, முன்னால் ரத்தம் தோய்ந்த கைக்குட்டையை ஆட்டிக்கொண்டே குனிந்து நடந்துவரும் பாதிரியார் எட்வர்ட் டேலியின் படம் அன்று எடுத்ததுதான்.

ஜாக்சன் சுடவில்லை, சுடச் சொல்லவும் இல்லை. அவருடைய பங்கு அன்றிரவு வந்தது.

என்ன நடந்தது என்று மேலிடம் உடனடியாகக் கணக்குக் கேட்டது. லண்டன் கேட்டது, பத்திரிகைகள் கேட்டன. சப்போர்ட் கம்பெனியின் மேஜர் லோடன் தன் ஆட்களிடம் விசாரித்து, வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். எந்த இடத்திலிருந்து, எந்த இடத்தை நோக்கி, யார் மீது சுடப்பட்டது என்பதற்கு வரைபடக் கட்ட எண்களோடு வரிசையான குறிப்புகள். ஆணி வெடிகுண்டு வைத்திருந்தவன், கைத்துப்பாக்கி வைத்திருந்தவன் என்று சுடப்பட்டவர்களைப் பற்றிய விவரம். சுட்ட சிப்பாயின் பெயர் மட்டும் எந்த வரியிலும் இல்லை. அந்தப் பட்டியலின் ஒரு பிரதியும், அதோடு சேர்த்து வில்ஃபோர்ட் முதலிய அதிகாரிகள் தங்கள் பார்வையில் சொன்ன விவரங்களும் ஒரே கையெழுத்தில் இருந்தன. ஜாக்சனின் கையெழுத்து அது. இரண்டு நாளுக்குள் ராணுவத்தின் இந்தக் கதை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் விளக்கமாக ஒலித்தது. ஏப்ரலில் வந்த தலைமை நீதிபதி விட்ஜெரியின் விசாரணை அறிக்கை, சிலருடைய துப்பாக்கிச் சூட்டைப் பொறுப்பற்ற எல்லைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றபடி ராணுவத்தை விடுவித்தது.

டெர்ரி மக்கள் விடவில்லை. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

1979 ஆகஸ்ட் 27 காலையில் அயர்லாந்தின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக்குழுவான ஐஆர்ஏ படகில் வைத்த குண்டுக்கு மவுண்ட்பேட்டன் பிரபு பலியானார். அன்று மாலை, எல்லையோரத்து வாரன்பாயின்ட் அருகே, சாலையோரம் நின்ற வைக்கோல் வண்டியில் ஐஆர்ஏ வைத்த குண்டு ராணுவ லாரி ஒன்றைத் தூக்கியெறிந்தது. உதவிக்கு வருகிறவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து அங்கே இரண்டாவது குண்டு. மொத்தம் 18 ராணுவத்தினர் போனார்கள், அவர்களில் 16 பேர் பாராசூட் ரெஜிமென்ட்டுக்காரர்கள். கம்பெனித் தலைவராக இருந்த மேஜர் ஜாக்சன் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அருகிலிருந்த நீரில் தேடியவர்கள் கண்டெடுத்த ஒன்றை அடையாளம் காட்டச் சொன்னார்கள். அது ஒரு முகம், முகம் மட்டும். அவருடைய நண்பர் மேஜர் பீட்டர் ஃபர்ஸ்மனின் முகம்.

வட அயர்லாந்தைப் பற்றி ஜாக்சன் பின்னாளில் சொன்ன எதையும் இந்த இரண்டு நாட்களையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது இரு தரப்பிலும் வழக்கம்.

பிறகு வந்த ஏற்றத்தை வேகமாகக் கடக்கலாம். 1984இல் அதே முதலாம் பட்டாலியனுக்குத் தலைவர். 1990இல் பெல்ஃபாஸ்டில் பிரிகேடியர். 1994இல் மூன்றாம் டிவிஷன், அதோடு போஸ்னியா. 1997இல் நேட்டோவின் அதிவிரைவுப் படைத் தலைமையகத்துக்கு லெப்டினன்ட் ஜெனரல். சரளைக் கற்களை அரைப்பது போன்ற குரல், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, விரலிடுக்கில் சுருட்டு, இரவானால் விஸ்கி. ‘இருட்டின் இளவரசன்’ என்று சிப்பாய்கள் பட்டம் சூட்டினார்கள். அதில் பயத்தைவிடப் பாசம் அதிகம்.

1999 மார்ச் 24 அன்று யுகோஸ்லாவியா மீது நேட்டோ விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. அப்போது செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோவின் அல்பேனியர்களை யுகோஸ்லாவிய அதிபர் மிலோஷெவிச்சின் படைகள் வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எல்லை தாண்டினார்கள். மாசிடோனிய எல்லையில் பிளாட்சே என்ற இடத்தில் பல்லாயிரம் பேர் மழையிலும் சேற்றிலும் திறந்தவெளியில் சிக்கிக் கிடந்தார்கள். மாசிடோனியாவில் சண்டைக்குத் தயாராக நின்ற ஜாக்சனின் ஆட்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடாரம் அடித்தார்கள், கழிப்பறைக் குழி வெட்டினார்கள், ரொட்டி பங்கிட்டார்கள். அந்தச் சில நாட்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஒரு சண்டையும் போடாமல் அவருடைய படை அதிக உயிர்களைக் காத்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு.

78 நாள் குண்டுவீச்சுக்குப் பிறகு பெல்கிரேடு இறங்கி வந்தது. ஜூன் 5இல் தொடங்கிய பேச்சு இழுபறியாக நடந்து, ஜூன் 9 இரவு குமனோவோ விமானத்தளத்தில் ஒரு கூடாரத்துக்குள் முடிந்தது. செர்பிய ஜெனரல்களோடு ஜாக்சன் கையெழுத்திட்டார். செர்பியப் படை வெளியேற வெளியேற, அது காலி செய்யும் இடத்தில் நேட்டோ படை நுழைவதாக ஏற்பாடு.

அங்கேதான் ரஷ்யர்கள் குறுக்கே புகுந்தார்கள். அமைதிப்படையில் தங்களுக்கென்று தனிப்பகுதி வேண்டும் என்று மாஸ்கோ கேட்டிருந்தது, நேட்டோ மறுத்திருந்தது. போஸ்னியாவில் இருந்த ரஷ்யப் படையில் சுமார் 200 பேர், வண்டிகளில் எழுதியிருந்த போஸ்னியப் படையின் எழுத்துகளை அழித்து கொசோவோப் படையின் எழுத்துகளைத் தீட்டிக்கொண்டு, செர்பியா வழியாக விரைந்தார்கள். ஜூன் 12 விடியுமுன் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவுக்குள் வந்துவிட்டார்கள். செர்பியர்கள் பூத்தூவி வரவேற்க, ஊருக்கு வெளியே இருந்த ஸ்லாட்டினா விமான நிலையத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். அதே விமான நிலையத்தில்தான் ஜாக்சன் தன் தலைமையகத்தை வைக்க நினைத்திருந்தார்.

நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதி, அமெரிக்கரான ஜெனரல் வெஸ்லி கிளார்க். அவருடைய பயம் அர்த்தமற்றது அல்ல. ஓடுதளம் ரஷ்யர் கையில் இருந்தால் விமானம் விமானமாகப் படை இறங்கும், வடக்குப் பகுதி செர்பியர்களுக்கென்று பிரிந்துபோகும், கொசோவோ இரண்டாகும். அதனால் ஓடுதளத்தை அடைக்கச் சொன்னார்.

ஜூன் 12 மாலை, கொட்டும் மழையில் ஜாக்சன் ஹெலிகாப்டரில் விமான நிலையத்துக்குப் போனார். ரஷ்யத் தளபதி ஜெனரல் விக்டர் ஜவார்ஜின் முகம் கொடுத்துப் பேசவில்லை. பர்மிங்காமில் படித்த ரஷ்ய மொழி முப்பது வருடம் கழித்து உதவிக்கு வந்தது. பையிலிருந்து விஸ்கி குடுவையை எடுத்து நீட்டினார். இடிந்த கட்டடத்தின் மறைவில் ஒதுங்கி இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். ரஷ்யனிடம் வெறும் வாயால் பேசினால் வேலை நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் கிளார்க் நேரிலேயே வந்துவிட்டார். மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயின் ஓரத்தில், பழைய காலணித் தொழிற்சாலை ஒன்றில் இருந்தது ஜாக்சனின் தலைமையகம். மற்றவர்கள் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று இருவரும் தனியறைக்குப் போனார்கள். கிளார்க்குக்கு நான்கு நட்சத்திரம், ஜாக்சனுக்கு மூன்று. ஓடுதளத்தை அடை என்றார் கிளார்க். எந்த அதிகாரத்தில் என்று கேட்டார் ஜாக்சன். பேச்சு தடித்தது. “ஐயா, உங்களுக்காக நான் மூன்றாம் உலகப் போரைத் தொடங்கப்போவதில்லை.”

உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த வாக்கியம். கேட்டவுடன் ஏதோ சினிமாத்தனமான கலகம் போலத் தோன்றும். அப்படி இல்லை. நேட்டோவின் நடைமுறை தெரிந்தால் விஷயம் விளங்கும். கூட்டணிப் படையில் ஒவ்வொரு நாடும் தன் சிப்பாய்களை இரவல்தான் தருகிறது. கூட்டணித் தளபதியின் உத்தரவு தன் நாட்டுக்கு ஒவ்வாது என்று தோன்றினால் அந்த நாட்டுத் தளபதி ஊருக்குக் கேட்டு மறுத்துவிடலாம். சிவப்பு அட்டை காட்டுவது என்று அவர்கள் பேச்சுவழக்கில் சொல்வார்கள். ஜாக்சன் தொலைபேசியில் லண்டனைப் பிடித்தார். பிரிட்டிஷ் முப்படைகளின் தலைவர் சார்ல்ஸ் குத்ரி அவர் பக்கம் நின்றார். கிளார்க்கையும் அதே தொலைபேசியில் பேசச் சொன்னார்கள். வாஷிங்டனில் அமெரிக்கப் படைத் தலைவர் ஹியூ ஷெல்டனும் குத்ரியை ஆமோதித்தார். கிளார்க் தனித்துப் போனார்.

விமான நிலைய வாசலில் நின்ற பிரிட்டிஷ் அணியில் ஒரு இளம் கேப்டனும் இருந்தார். பிற்காலத்தில் பாடகராகி உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் பிளன்ட் அவர். ரஷ்யர்களை அடித்து நொறுக்கும்படி வானொலியில் உத்தரவு வந்தது, தாங்கள் தயங்கி நின்றபோது ஜாக்சனின் குரல் வந்து காப்பாற்றியது என்று 2010இல் பிபிசியிடம் சொன்னார்.

ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வழியை மறுத்துவிட்டன. கூடுதல் படை வந்து சேரவில்லை. விமான நிலையத்தில் உட்கார்ந்த 200 பேருக்குக் கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது, கடைசியில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வாசலில் நின்ற பிரிட்டிஷ்காரர்களையே கேட்க வேண்டியதாயிற்று. ஜூன் 18 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

டெர்ரியில் மேலதிகாரியின் உத்தரவு மீறப்பட்டதால் ஆட்கள் செத்தார்கள், பிரிஷ்டினாவில் மீறப்பட்டதால் பிழைத்தார்கள் என்று எழுதினால் வாக்கியம் அழகாக இருக்கும். ஆனால் ஜாக்சனைப் பொறுத்தவரை இரண்டிலும் வேலை செய்தது ஒரே குணம்தான் என்று எனக்குப் படுகிறது. அவர் கலகக்காரர் அல்ல. பிரிட்டிஷ் ராணுவம் என்ற வீட்டின் பிள்ளை. 1999இல் அந்த வீட்டை ஓர் அமெரிக்கரின் அவசரத்திலிருந்து காத்தார். 1972இல் அதே வீட்டுக்காகப் பேனாவை எடுத்து, சொன்னதை எழுதினார். எழுதச் சொன்னவர்கள் அவருடைய ஆட்கள். அவர்கள் சொன்னது உண்மைதானா என்று குறுக்குக் கேள்வி கேட்க அந்த இரவில் அவருக்குத் தோன்றவில்லை.

கேள்வி 31 வருடம் கழித்து வந்தது. பிரதமர் டோனி பிளேர் 1998இல் நீதிபதி சாவில் தலைமையில் புதிய விசாரணை ஆணையம் அமைத்திருந்தார். 2003 பிப்ரவரி 1இல் ஜாக்சன் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதியானார், மார்ச்சில் ஈராக் போர். அவருடைய படைகள் பாஸ்ராவுக்குள் நுழைந்த அதே ஏப்ரலில் அவர் லண்டனில் சாவில் முன் சாட்சிக்கூண்டில் நின்றார். பட்டியல் எழுதியதைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை இல்லை. பிறகுதான் அந்தக் காகிதங்களில் இருப்பது அவருடைய கையெழுத்து என்பது வெளியே வந்தது. அக்டோபரில் மறுபடி கூப்பிட்டார்கள். முதலில் நினைவில்லை, காகிதத்தைப் பார்த்த பிறகு மங்கலாக ஏதோ நினைவுக்கு வருகிறது என்றார். இறந்தவர்களின் குடும்பத்தார் நம்பத் தயாராக இல்லை. பட்டியலில் உள்ள சூடுகள் உண்மையில் மனிதர்கள் விழுந்த இடங்களோடு பொருந்தவில்லை என்பது அவர்கள் வாதம். நாட்டின் முதல் சிப்பாயாக இருப்பவர் ஒரு கேப்டனாகத் தான் எழுதிய காகிதத்துக்குப் பதில் தேடித் தடுமாறியதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 2003 செப்டம்பரில், பாஸ்ராவில் ஓட்டல் வரவேற்பாளரான பாஹா மூசா பிரிட்டிஷ் ராணுவக் காவலில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். உடலில் 93 காயங்கள். இந்த முறை ஜாக்சன் சுற்றி வளைக்கவில்லை. ராணுவத்தின் மீது படிந்த கறை என்று பின்னாளில் விசாரணை ஆணையத்திடமே சொன்னார். வேறொரு முகாமில் ஈராக்கியரைச் சித்திரவதை செய்த சிப்பாய்கள் 2005இல் தண்டிக்கப்பட்டபோது, ஈராக் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

உள்ளூரில் அவர் மீது அதிகக் கோபம் கிளம்பியது வேறு விஷயத்தில். முந்நூறு வருடப் பெருமை பேசும் ஒற்றைப் பட்டாலியன் ரெஜிமென்ட்டுகளைச் சேர்த்துப் பெரிய ரெஜிமென்ட்டுகளாக்கினார். காலாட்படை 40 பட்டாலியனிலிருந்து 36 ஆனது. பிளாக் வாட்ச் முதலான ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகள் 2006 மார்ச்சில் ஒன்றாயின. தொப்பியில் செருகும் இறகுக்காகக் கண்ணீர் விட்ட முதியவர்கள் அவரைச் சபித்தார்கள். பாராசூட் ரெஜிமென்ட்டில் கை வைத்தாரா என்று கேட்டார்கள். 

2006 ஆகஸ்டில் ஓய்வு. பதவியில் இருந்தபோது அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அந்த டிசம்பரில் பிபிசியின் டிம்பிள்பி சொற்பொழிவில், ராணுவத்தைக் கசக்கிப் பிழிந்துவிட்டுப் பணம் தர மறுப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சாடினார். அடுத்த ஆண்டு சுயசரிதை வந்தபோது ஈராக்கைக் கையாண்ட விதத்துக்காக அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரம்ஸ்ஃபெல்டை வறுத்தெடுத்தார். அந்த 2007இல்தான் டெர்ரியில் குற்றமற்றவர்கள் சுடப்பட்டார்கள் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்று பிபிசியிடம் ஒப்புக்கொண்டார்.

2010 ஜூன் 15 அன்று சாவில் அறிக்கை வெளியானது. பன்னிரண்டு வருடம், சுமார் ஐயாயிரம் பக்கம். சுடப்பட்ட ஒருவர்கூட யாருக்கும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை. வில்ஃபோர்ட் உத்தரவை மீறினார். பல சிப்பாய்கள் தெரிந்தே பொய் சொன்னார்கள். பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் தானும் சேர்ந்துகொள்வதாகச் சொன்ன ஜாக்சன், கூடவே வட அயர்லாந்தில் 38 வருடம் பணியாற்றிய மற்ற சிப்பாய்களை மறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பாலிமர்ஃபி இன்னும் பாக்கி இருந்தது. 2019இல், 75 வயதில், பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் இறந்தவர்களின் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்க அவர் சாட்சி சொன்னார். ராணுவம் திட்டமிட்டு உண்மையை மறைத்தது என்பது அபத்தம் என்றார். 2021 மே 11 அன்று நீதிபதி ஷிவான் கீகன் தீர்ப்பு வாசித்தார்: பத்துப் பேரும் முழுக்கக் குற்றமற்றவர்கள், அவர்களில் ஒன்பது பேர் ராணுவத்தின் குண்டுக்கு இறந்தவர்கள். சுட்டது யார் என்று ஒருவர் விஷயத்தில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை.

ஜாக்சன் 2024 அக்டோபர் 15 அன்று, 80 வயதில் இறந்தார். லண்டன் பத்திரிகைகளின் அஞ்சலிகள் விமான நிலையத்தோடு தொடங்கின. டெர்ரியில் பட்டியலைத்தான் முதலில் பேசினார்கள்.

விமான நிலையச் சண்டையில் தோற்ற வெஸ்லி கிளார்க்கின் தரப்பை நாம் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை. போரில் ஜெயித்துக் கொடுத்த சில வாரத்திலேயே, அடுத்த வருடம் பதவியைக் காலி செய் என்று அவருக்குத் தகவல் வந்தது. வியட்நாமில் நான்கு குண்டு வாங்கிய அந்த அர்க்கன்சாஸ்காரரின் கதை அடுத்த வாரம்.